மருந்து கேட்ட நாளும் கேட்காத நாளும்: ஒரு தாடை மூட்டு வலி நிகழ்வு ஆய்வு

"டாக்டர், இந்த மாத்திரை ஒரு வாரம் கேக்குது, ஒரு வாரம் கேக்கவே மாட்டேங்குது."

முதல் சந்திப்பில் அவர் சொன்ன முதல் வாக்கியம் இது. என்னிடம் வருவதற்கு முன் இதையே மூன்று இடங்களில் சொல்லியிருந்தார். ஓரிடத்தில் மாத்திரையின் அளவைக் கூட்டிக் கொடுத்தார்கள். இன்னோரிடத்தில் "அளவைக் கூட்டச் சொல்கிறார், கவனம் தேவை" என்று கோப்பில் எழுதிவிட்டார்கள். எந்த வாரம் கேட்கிறது, எந்த வாரம் கேட்கவில்லை என்று மட்டும் யாரும் அவரிடம் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் பல மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும் என்று நம்புகிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரது சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தவருக்கு 36 வயது. பாலர் பள்ளி ஆசிரியை. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் கணவர், மாமியார், நான்கு வயது மகன் ஆகியோருடன் இருக்கிறார். வலி வலது காதுக்கு முன்னால், ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில். வாயைத் திறக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம், மூடும்போது இன்னொன்று. கொட்டாவி விட்டால் கண்ணில் நீர் வரும். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்பதால் மதியத்துக்குள் தாடை சோர்ந்துவிடும். பனடோல், கோடாலித் தைலம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அழற்சியைக் குறைக்கும் நாப்ராக்ஸன் மாத்திரை ஓரளவு உதவியது. பிறகு ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகையைச் சேர்ந்த வலி மருந்தான டிராமடால் 50 மில்லிகிராம், வலி கூடும் நாட்களில் மட்டும் ஒன்றோ இரண்டோ. எங்களிடம் வந்தபோது அதைத் தொடங்கி ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

பரிசோதனையில் வலியில்லாமல் வாய் 29 மில்லிமீட்டர் திறந்தது. வலியோடு முயன்றால் 36. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 40 அல்லது அதற்கு மேல் திறக்கும். மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் வைத்துப் பார்க்கச் சொல்வோமே, அவருக்கு இரண்டுக்கு மேல் போகவில்லை. மூட்டின் வெளிமுனையை அழுத்தியபோது "அதே வலிதான்" என்றார். இந்த 'அதே வலி' என்ற சொல் முக்கியம். 2014-இல் வெளியான உலகளாவிய தாடை மூட்டு நோய் அளவுகோலின்படி, நோயாளிக்குப் பழகிய வலியை நம் விரல் திரும்பக் கொண்டுவந்தால்தான் மூட்டு வலி என்று எழுத முடியும். மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் வட்டு இடம் நழுவித் திரும்ப அமர்வதால் வரும் சத்தமும் சேர்ந்திருந்தது. வீக்கமில்லை, காய்ச்சலில்லை, எடை குறையவில்லை, கடிப்பு மாறவில்லை, எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தது. சரி, பயப்படுவதற்கு எதுவுமில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த முதல் வாக்கியத்துக்கு இவற்றில் எதுவும் பதில் சொல்லவில்லை.

அவருடன் மாமியார் வந்திருந்தார். மருமகள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். எந்தத் தேதியில் எந்த மருந்து வாங்கினார்கள் என்பதுவரை நினைவு வைத்திருந்தார். ஆனாலும் நான் கேட்க வேண்டியதை அவர் முன்னால் கேட்டால் சரியான பதில் வராது. "அம்மா, ஒரு பத்து நிமிஷம் வெளியில உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கேட்டேன்: மாதவிலக்குக்கும் இந்த வலிக்கும் ஏதாவது தொடர்பு தெரிகிறதா?

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "பீரியட்ஸ் வர்றதுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடியே தாடை சொல்லிடும் டாக்டர். இதெல்லாம் பல் டாக்டர்கிட்ட சொல்லணுமான்னு விட்டுட்டேன்."

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். இந்த வலி முதன்முதலில் வந்தது 27 வயதில். மகனைச் சுமந்திருந்தபோது ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு வலி இருந்த இடமே தெரியவில்லை. குழந்தை பிறந்து சில மாதங்களில் திரும்பிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, அதனால் வலிக்கிறது என்று வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

இது ஒருவர் உடம்பின் விசித்திரமல்ல. அமெரிக்காவில் சியாட்டிலைச் சேர்ந்த லிண்டா லெரெஷ் என்ற ஆய்வாளரும் குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மாதவிடாய் நின்றபின் ஹார்மோன் மருந்து எடுக்கும் பெண்களிடம் தாடை மூட்டு வலி கூடுதலாகத் தெரிகிறது என்று 1997-இல் எழுதினார்கள். 2003-இல் வந்த அவர்களுடைய ஆய்வில், தாடை மூட்டு வலியுள்ள பெண்கள் நாள்தோறும் எழுதிய குறிப்புகள் இருந்தன. சுழற்சியின் கடைசி நாட்களில் வலி ஏறத் தொடங்கி, மாதவிலக்கின் முதல் மூன்று நாட்களில் உச்சம் தொட்டது. கருத்தடை மாத்திரை எடுக்காதவர்களுக்குக் கருமுட்டை வெளிவரும் நாட்களை ஒட்டி இன்னொரு சிறிய ஏற்றமும் இருந்தது. 2005-இல் கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள்: கர்ப்பத்தின் பிற்பகுதியில் வலி தணிந்தது, பிரசவத்துக்குப் பின் திரும்பியது.

நோயின் போக்கு இப்படி. எனக்குக் குறுகுறுத்தது மருந்தின் போக்கு. வலி கூடும் நாளில் மருந்து போதாமல் போவது ஒன்று. வலி ஒரே அளவில் இருக்கும்போதே மருந்தின் வலு மாறுவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஹார்மோன்மேல் பழி போடக் கூடாது.

காலண்டர் தாள்கள்

மூன்று மாதம் குறிப்பெழுதச் சொன்னேன். கைபேசிச் செயலி ஒன்றைக் காட்டினோம், அது அவருக்கு ஒத்துவரவில்லை. வீட்டில் தேக்கா கடை ஒன்றில் வாங்கிய தினசரிக் காலண்டர் தொங்குகிறது. தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்: எழுந்ததும் வலி எவ்வளவு, மாத்திரை போட்டால் போடுமுன் எவ்வளவு, இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, தூக்கம் எப்படி. மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது. மூன்று மாதம் கழித்து ரப்பர் பேண்ட் போட்ட தாள்கட்டைக் கொண்டுவந்தார். நான் பார்த்த வலிக் குறிப்புகளில் இவ்வளவு நேர்மையானது குறைவு. "இன்னைக்கு எழுத மறந்துட்டேன்" என்பதைக்கூட எழுதியிருந்தார்.

வலி ஏறிய நாட்கள் எதிர்பார்த்தபடியே இருந்தன. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னிருந்து மூன்றாம் நாள்வரை 7, சில நாள் 8. நடுவில், மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 13-ஆம் நாளையொட்டி, ஒரு சிறிய மேடு. மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் 3, 4, சில நாள் 5.

அடுத்து, வலி 5 என்று தொடங்கிய தாள்களை மட்டும் தனியே எடுத்து மேசையில் பரப்பினோம். எட்டாம் நாள் வாக்கில் ஒரு மாத்திரை வலியை 5-இலிருந்து 2-க்கு இறக்கியிருந்தது. பதினான்காம் நாள் வாக்கில் அதே மாத்திரை, அதே 5, இரண்டு மணி நேரம் கழித்து 4. இப்படிப்பட்ட தாள்கள் மூன்று மாதத்துக்கும் சேர்த்து ஒரு கைப்பிடிதான். ஆனால் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. மாதவிலக்கு நாட்களில் வலி 7-இல் தொடங்கியதால் அங்கே நியாயமாக ஒப்பிட முடியவில்லை. அங்கும் மாத்திரை ஒரு புள்ளிக்கு மேல் இறக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

இதற்கு வேறு விளக்கம் இருக்கிறதா என்று தேடினேன். டிராமடால் அப்படியே வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்ற நொதி அதை மாற்றித் தர வேண்டும். மாறிய பொருள்தான், நரம்பில் ஓபியாய்டு மருந்து பற்றும் இடமான மியூ ஏற்பியை நன்றாகப் பற்றும். கோடீனும் இதே நொதியால்தான் மார்ஃபின் ஆகிறது. சிலருக்குப் பிறப்பிலேயே இந்த நொதி மந்தம். ஃப்ளுவாக்ஸெட்டின், பாராக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் இதை முடக்கும். இவர் அப்படி எதுவும் எடுக்கவில்லை. நொதி மந்தமென்றால் எல்லா வாரமும் மந்தமாக இருக்க வேண்டும், ஒரு வாரம் கேட்டு ஒரு வாரம் கேட்காமல் போகாது. தூக்கம் இன்னொரு சந்தேகம். மாதவிலக்குக்கு முந்தைய இரவுகளில் அவர் சரியாகத் தூங்கவில்லை என்பது தாள்களிலேயே இருக்கிறது, அதற்கும் பங்கு உண்டு. ஆனால் சுழற்சியின் நடுவில் தூக்கம் நன்றாகவே இருந்தது. இன்றைக்கு எத்தனையாம் நாள் என்பது அவருக்குத் தெரியும் என்பதால் எதிர்பார்ப்பும் வேலை செய்திருக்கலாம், அதை நான் மறுக்க முடியாது. டிராமடால் செரட்டோனின், நார்அட்ரினலின் வழியாகவும் வலியைக் குறைக்கும் என்பதால் இதைச் சுத்தமான ஓபியாய்டு சோதனை என்றும் சொல்ல மாட்டேன்.

மூட்டுக்குள் நடப்பது

தாடை மூட்டின் வலியைச் சுமப்பது ஐந்தாம் மூளை நரம்பு, அதாவது முக்கிளை நரம்பு. அதன் செல்கள் மண்டையோட்டின் அடியில் ஒரு நரம்பு முடிச்சில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு பக்கம் இழை மூட்டுக்குப் போகிறது, மறுபக்கம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதிக்கு. ஓபியாய்டு மருந்து பற்றும் ஏற்பிகள் இந்த முடிச்சில்தான் தயாராகின்றன. அங்கிருந்து மூட்டு வரைக்கும் அனுப்பப்படுகின்றன. மருந்து ஏற்பியைப் பற்றினால் கால்சியம் வாயில்கள் மூடும், பொட்டாசியம் வாயில்கள் திறக்கும், நரம்பு அமைதியாகும். ஓபியாய்டு என்றாலே மூளையில் வேலை செய்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 1991-இலேயே கிறிஸ்டோஃப் ஸ்டெய்ன் குழுவினர் முழங்கால் அறுவைக்குப் பின் மூட்டுக்குள் சிறிதளவு மார்ஃபின் செலுத்தி வலி தணிவதைக் காட்டிவிட்டார்கள். மருந்து சாவி என்றால், ஏற்பி என்ற பூட்டு மூட்டின் உள்ளேயே இருக்கிறது.

அந்தப் பூட்டுகளின் எண்ணிக்கையைப் பால் ஹார்மோன்கள் மாற்றுகின்றன என்பதுதான் பிரேசிலில் கிளாடியா டாம்பெலியும் சக ஆய்வாளர்களும் செய்த வேலையின் சாரம். எலியின் தாடை மூட்டில் ஃபார்மலின் செலுத்தினால் அது தலையை உதறும், முகத்தைத் தேய்க்கும். அந்த அசைவுகளை எண்ணி வலியை அளக்கிறார்கள். மியூ போலவே இன்னொரு வகை ஓபியாய்டு ஏற்பியான கப்பாவைப் பற்றும் மருந்தை மூட்டுக்குள்ளேயே கொடுத்துப் பார்த்தபோது, பெண் எலிகளுக்கு ஆண் எலிகளைவிட நன்றாகக் கேட்டது. பெண் எலிகளிலும் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கும் கட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும் கட்டத்தில் கூடுதலாகக் கேட்டது. இது 2004. எலிக்கு நான்கைந்து நாளில் ஒரு சுழற்சி முடிந்துவிடும் என்பதால் இப்படிக் கட்டம் பிரித்துப் பார்க்க முடிகிறது. 2009-இல் காரணத்தையும் தேடிப் பிடித்தார்கள்: ஆண், பெண் ஹார்மோன்கள் முக்கிளை நரம்பு முடிச்சில் கப்பா ஏற்பிகளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஏற்பி குறைந்தால் மருந்துக்குப் பிடிமானம் குறையும். டெஸ்டோஸ்டிரானுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது ஆண் எலிகளைத் தாடை மூட்டு வலி வராமலே காக்கிறது என்று அதே குழுவினர் 2007-இல் காட்டினார்கள். வலி வராமல் காக்கும் பொருளே, வலி வந்தபின் ஒருவகை மருந்தின் வலுவைக் குறைக்கவும் செய்கிறது. உடம்பைப் படிக்கப் படிக்க எனக்கு வியப்பு கூடுவது இதுபோன்ற இடங்களில்தான்.

நம் நோயாளி எடுத்தது கப்பா வகை மருந்தல்ல, மியூ வகை. அதற்கு டேவிட் பெரைட்டர் குழுவினரின் 2008 ஆய்வு நெருக்கமானது. சூலகம் நீக்கிய பெண் எலிகளில் சிலவற்றுக்கு ஈஸ்ட்ரோஜனைக் குறைவாகவும் சிலவற்றுக்கு அதிகமாகவும் கொடுத்தார்கள். தாடை மூட்டிலிருந்து செய்தி வந்து சேரும் மூளைத்தண்டுப் பகுதியின் மேலடுக்கு நரம்புகளைக் கவனித்தார்கள். ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோதும் குறைவாக இருந்தபோதும் மார்ஃபின் அந்த நரம்புகளை அடக்கியது. அதிகமாக இருந்தபோது அடக்கவில்லை. ஆழ்ந்த அடுக்கில் இந்த வேறுபாடு தெரியவில்லை. கருமுட்டை வெளிவருவதற்குச் சற்று முன் பெண்ணின் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருக்கிறது. பதினான்காம் நாள் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் இங்கேயே நிறுத்தினால் அரை உண்மைதான். மனிதர்களில் நடந்த ஆய்வு எதிர்ப்பக்கம் காட்டுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான்-கார் ஸுபியேட்டா, யோலண்டா ஸ்மித் ஆகியோர் தன்னார்வலர்களின் தாடைத் தசையில் உப்புக்கரைசலைச் செலுத்தி நீடித்த வலியை உண்டாக்கி, மூளையின் மியூ ஏற்பிகளை பெட் ஸ்கேனில் பார்த்தார்கள். 2002 ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்திருக்கும் சுழற்சித் தொடக்கத்தில் இருந்த பெண்களைவிட ஆண்களிடம் உடம்பின் சொந்த ஓபியாய்டு பல இடங்களில் வலுவாகச் சுரந்தது. 2006-இல் பெண்களுக்கு ஈஸ்ட்ரடயால் கொடுத்து அளவைக் கூட்டியபோது, அந்தச் சொந்தப் பாதுகாப்பு வலுப்பட்டது. ஆக மனித மூளையில் ஈஸ்ட்ரோஜன் கூடினால் நல்லது, எலியின் மூளைத்தண்டில் கூடினால் மார்ஃபினுக்குக் கெட்டது. இடம் வேறு, வேளை வேறு, ஒன்று உடம்பே சுரப்பது, மற்றது வெளியிலிருந்து கொடுப்பது. எனவே 'ஈஸ்ட்ரோஜன் ஏறினால் மருந்து கேட்காது' என்ற ஒற்றை வரியை யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். நம் நோயாளிக்கே ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் ஒரு கெட்ட காலமும், அது சரிந்து விழும்போது அதைவிடக் கெட்ட காலமும் இருந்தன.

பல் மருத்துவர்களுக்கு நெருக்கமான இன்னொரு சான்று உண்டு. ராபர்ட் கியர், ஜான் லெவின் ஆகியோர் ஞானப்பல் எடுத்த நோயாளிகளுக்கு நால்புஃபின் போன்ற கப்பா வகை மருந்துகளைக் கொடுத்து, பெண்களுக்குத்தான் நன்றாகக் கேட்கிறது என்று 1996-இல் காட்டினார்கள். 1999-இல் குறைந்த அளவு நால்புஃபின் ஆண்களுக்கு வலியைக் கூட்டவே செய்தது என்றும் கண்டார்கள். இருந்தும் வலி மருந்து எழுதும்போது எடையையும் வயதையும் பார்க்கும் அளவுக்கு இதை நாம் பார்ப்பதில்லை.

என்ன செய்தோம்

டிராமடாலின் அளவைக் கூட்டவில்லை. சொல்லப்போனால் தாடை மூட்டு வலிக்கு அது உரிய மருந்தே அல்ல. 2023-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு அழற்சியைக் குறைக்கும் மருந்தோடு ஓபியாய்டு சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. தாடைப் பயிற்சி, சிகிச்சையாளர் கையால் மூட்டை இளக்குவது, எண்ணமும் பழக்கமும் மாற்றும் உளவியல் சிகிச்சை ஆகியவற்றைத்தான் முன்னால் வைக்கிறது. இன்னொரு கவலையும் இருந்தது. ஓபியாய்டை நாள்கணக்கில் தொடர்ந்தால் மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளை தணியும், ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரானும் குறையும், மாதவிலக்கு தாறுமாறாகும். ஹார்மோன், மருந்தின் வலுவை மாற்றுகிறது; மருந்து, ஹார்மோனின் அளவை மாற்றுகிறது. இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணிடம் இதை மறைக்கக் கூடாது.

"அப்ப ஹார்மோன் மாத்திரை போட்டு சமப்படுத்திடலாமா டாக்டர்?" என்று அவரே கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவருக்கு ஒற்றைத் தலைவலி வருமுன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிவதுண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதால் கொடுக்கக் கூடாது. மகப்பேறு மருத்துவரும் அதையே சொன்னார்.

வாரம் ஒருமுறை தாடைக்கான இயன்முறை சிகிச்சையாளரிடம் போனார். அந்தச் சிகிச்சையாளர் மூட்டைக் கையால் இளக்கியதோடு, வீட்டில் செய்யச் சிறு பயிற்சிகளும் கொடுத்தார். கண்ணாடி முன் நின்று, நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை நேராகத் திறந்து மூடுவது அவற்றில் ஒன்று. முறுக்கு, வறுத்த கடலை, கடினமான இறைச்சி ஆகியவற்றைக் கெட்ட வாரத்தில் மட்டும் தவிர்த்தார். எல்லா நாளும் கஞ்சி குடி என்று சொல்வது நோயாளியை மேலும் நோயாளியாக்கும். பகலில் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் வைத்திருக்கப் பழகினார். வகுப்பறைக் கடிகாரத்தின் கீழே ஒட்டிய சிவப்புப் பொட்டுதான் அவருக்கு நினைவூட்டல். வயிறும் சிறுநீரகமும் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, கர்ப்பமாவதற்கு முயலாத மாதங்களில் மட்டும், மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்னிருந்து ஐந்து நாள் சாப்பாட்டுக்குப் பின் நாப்ராக்ஸன். வலி வந்தபின் துரத்துவதைவிட வரும் நாள் தெரிந்து முன்னால் நிற்பது சுலபம், அந்த நாளைச் சொன்னது காலண்டர் தாள்கள்தான். டிராமடாலை முதலில் மருந்து கேட்காத நாட்களில் நிறுத்தினோம். கேட்காத மருந்தால் வந்தது குமட்டலும் மலச்சிக்கலும்தானே. பிறகு மற்ற நாட்களிலும் படிப்படியாகக் குறைத்தோம்.

மாமியாரையும் உட்காரவைத்துப் பேசினோம். மருமகளின் அனுமதியோடு, அவர் முன்னிலையிலேயே. "எனக்கும் அந்த வயசுல இப்படித்தான் இருந்துச்சு, யார்கிட்டயும் சொன்னதில்ல" என்றார் அவர். பாலர் பள்ளியில் மாதத்தில் அந்த மூன்று நாட்களுக்குப் பாட்டு வகுப்பை வேறொருவருக்கு மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்யலாம் என்ற யோசனையும் அவரிடமிருந்துதான் வந்தது.

ஆறாம் மாதம் வாய் வலியில்லாமல் 39 மில்லிமீட்டர் திறந்தது. சத்தம் அப்படியே இருக்கிறது. வலிக்காத சத்தத்தை நாங்கள் தொடுவதில்லை. மாதவிலக்கின் முதல் இரண்டு நாட்களில் வலி இன்னும் 4 வரை ஏறுகிறது. நடு மேடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. இரண்டு மாதமாக அவர் டிராமடாலைத் தொடவில்லை. மீதமிருந்த ஆறு மாத்திரைகளைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

முன்பு அவரைப் பார்த்த மருத்துவருக்குக் கடிதம் எழுதினேன். தாள்களின் சுருக்கத்தை இணைத்து, கோப்பில் உள்ள "அளவைக் கூட்டச் சொல்கிறார், கவனம் தேவை" என்ற வரியை "வலியும் மருந்தின் பலனும் மாதச் சுழற்சியோடு மாறுகின்றன" என்று திருத்தும்படி கேட்டுக்கொண்டேன். திருத்திவிட்டதாகப் பதில் வந்தது. கர்ப்பம் தரித்தால் உடனே சொல்ல வேண்டும், அன்றோடு நாப்ராக்ஸனை நிறுத்துவோம் என்று பேசி வைத்திருக்கிறோம். முந்தைய கர்ப்பம் போலவே வலி தணிகிறதா என்று பார்க்க, காலண்டர் தாள்களில் தொடர்ந்து எழுதி வருகிறார்.